ஏரி பார்க்க ஆறு பேர்

நம்ம பதிவர்கள்ல பாதிப் பேராவது உத்திரமேரூர் குடவோலை பற்றி ஒரு பதிவாவது போட்டிருப்பீங்க. "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தேர்தல் நடத்தினவங்க நாம" என்று ஆரம்பித்து, இன்றைய அரசியல்வாதிகளைத் திட்டி முடியும். நானும் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன், தேட வேண்டாம் :-)

இந்தப் பதிவு தேர்தல் பற்றியது இல்லை. அந்தத் தேர்தல் எந்த வேலைக்கு நடந்தது என்பது பற்றி.

என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன். நான் மென்பொருள் பக்கம் ஒதுங்கிவிட்டேன். அவன் சிவில் முடித்து, சுற்றுச்சூழல் பொறியியலில் மேல்படிப்பும் முடித்து, இப்போது ஒரு ஆலோசனை நிறுவனத்தில் இருக்கிறான். சாலை, தொழிற்பேட்டை, குவாரி என்று எது வந்தாலும் அதனால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று அறிக்கை எழுதுவதுதான் வேலை. காஞ்சிபுரம் பக்கம் ஒரு கிராமத்துக்குக் களப்பணிக்குப் போகிறேன், வர்றியா என்றான். சனிக்கிழமை, வேறு வேலையும் இல்லை. கிளம்பிவிட்டேன்.

முதலில் கல்வெட்டு

காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் சுமார் 30 கி.மீ. அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு. ஒன்று கி.பி. 919, இன்னொன்று 921. முதலில் போட்ட விதியில் ஓட்டை இருந்தது போல, இரண்டே வருஷத்தில் திருத்தி எழுதியிருக்கிறார்கள். நம்ம பாஷையில் சொன்னால் வெர்ஷன் 2.

ஊர் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியானவர் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டி, குடத்தில் போட்டு, விவரம் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். மத்தியஸ்தர் அந்த ஓலையை ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். இதெல்லாம் தெரிந்ததுதான். இப்படி வந்த 30 பேரை என்ன செய்தார்கள்?

12 பேர் சம்வத்சர வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். இதில் என்னை நிறுத்திய விஷயம், சம்வத்சர வாரியம்தான் மேலானது. அதற்கு யாரை எடுப்பது என்றால், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களோடு, முன்பே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் வேலை பார்த்தவர்களை. ஊரை ஆள வேண்டுமென்றால் முதலில் தண்ணீரைப் பார்த்துவிட்டு வா என்று அர்த்தம்.

தகுதிகள் இவை: கால் வேலிக்கு மேல் (சுமார் ஒன்றரை ஏக்கர்) வரி கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு. வயது 35க்கு மேல் 70க்குக் கீழ் (919ல் இது 30லிருந்து 60). வேதமும் பிராமணமும் கற்றவராக இருக்க வேண்டும். கடந்த மூன்று வருஷத்தில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது. இதற்கு முன் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமல் போனவர் வரக் கூடாது. அவர் மட்டுமில்லை, அவருடைய அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, சின்னம்மா பெரியம்மா பிள்ளை, மைத்துனர், மாமனார், மருமகன் என்று யாரும் வரக் கூடாது. உறவுமுறையை இவ்வளவு விரிவாகப் பட்டியல் போட்டதைப் பார்த்தால், அதற்கு முன் யாரோ மச்சானை வைத்து நல்லா விளையாடியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

அந்த ஆறு பேர் பார்த்த ஏரி வயிரமேகத் தடாகம், பல்லவர் காலத்தது. ஏரி என்றால் வெறும் கரை இல்லை. வரத்துக்கால் அடைபடக் கூடாது, மதகு ஒழுகக் கூடாது, கலங்கல் மட்டம் குறையக் கூடாது, வருஷா வருஷம் தூர் எடுத்துக் கரையில் போட வேண்டும். காஞ்சிபுரம் பக்கம் ஏரிகள் சங்கிலி. மேல் ஏரி கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரிக்கு வரத்து. ஒன்றில் கை வைத்தால் நாலு ஊர் தள்ளி விளைவு தெரியும்.

இன்றைய வாரியம்

இந்தியாவில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டை 1994 ஜனவரி அறிவிக்கை கட்டாயமாக்கியது. அதற்குப் பதிலாக 2006 செப்டம்பரில் வந்த அறிவிக்கைதான், பல திருத்தங்களோடு, இன்றும். ஆரம்பத்தில் யார் வேண்டுமானாலும் அறிக்கை எழுதலாம் என்ற நிலை. பிறகு இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் இயங்கும் நேபெட் அங்கீகாரம் கட்டாயமானது. காற்று, நீர், ஒலி, நிலவியல், நிலத்தடி நீர், சமூகப் பொருளாதாரம், சூழலியல் என்று மொத்தம் 12 துறைகள். ஒவ்வொன்றுக்கும் படிப்பு, அனுபவம் பார்த்து நிபுணர்களை ஏற்கிறார்கள். சூழலியல் ஆள் பெரும்பாலும் தாவரவியலோ விலங்கியலோ படித்தவர். எல்லாவற்றையும் கோர்க்க ஒரு ஒருங்கிணைப்பாளர்.

வேலை நாற்காலி வேலை இல்லை. விடியற்காலையில் பறவை எண்ண வேண்டும். தரையில் சதுரம் அடித்து அதற்குள் இருக்கும் செடிகளை ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் மாதிரி எடுக்க வேண்டும். திட்ட இடத்தைச் சுற்றி 10 கி.மீ. வரை ஆய்வு. அப்புறம் வரைவு அறிக்கை, மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் பொதுமக்கள் கருத்துக்கேட்பு, நிபுணர் குழு.

ஆனால் பெரும்பாலான திட்டங்களுக்கு மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவத் தரவு இருந்தால் போதும். வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கும் நம்ம ஊரில் இதன் அர்த்தம் என்ன? மே மாதத்தில் ஏரியைப் பார்த்தால் பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானம். அதை டிசம்பரில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, அறிக்கைக்குப் பணம் தருவது திட்டத்தைக் கொண்டு வருபவர்தான். நண்பனிடம் நேராகவே கேட்டேன்.

"தப்பா எழுதச் சொல்லி யாரும் சொல்ல மாட்டாங்கடா. ஆனா வேண்டாம்னு எழுதினா அடுத்த வேலை யார் தருவா?"

அத்தை பிள்ளை வரைக்கும் யோசித்த உத்திரமேரூர் சபை இதை எப்படி எழுதியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்போடு ஒரு பெரியவர்

களத்தில் நண்பன் கையில் செயற்கைக்கோள் வரைபடம். ஏரிக்கும் சாலைக்கும் நடுவே ஒன்றுமில்லை, வெறும் புறம்போக்கு. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார்.

"இன்னா சார் பாக்குறீங்க?"

சொன்னோம். அவர் கம்பால் தரையில் ஒரு கோடு கிழித்தார். கலங்கல் தாண்டினால் தண்ணீர் இப்படித்தான் போகும், 2015ல் இடுப்பளவு போச்சு, சாலையே தெரியல என்றார். முன்பு அந்த ஏரிக்கு அவர்தான் நீர்க்கட்டி. மதகு திறப்பதும், கடைமடை வயல் வரை தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சுவதும் வேலை. அறுவடைக்கு அறுவடை நெல்லாகக் கூலி. அவர் அப்பாவும் அதே வேலைதானாம். இந்தப் பக்கத்தில் நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தலித் குடும்பங்கள். ஏரியை அங்குலம் அங்குலமாகத் தெரிந்தவர்கள், அந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தில் பல பேருக்குத் துண்டு கூடச் சொந்தமில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பழைய பதிவில் புகழ்ந்து தள்ளிய அந்தக் கல்வெட்டின்படி இவர் பெயர் ஓலையில் வந்திருக்கவே வராது. நிலம் இல்லை, வேதம் இல்லை, உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். பெண்களும் கிடையாது. இன்றைய அங்கீகாரப் பட்டியலிலும் அவருக்கு இடமில்லை. ஆயிரம் வருஷத்தில் தகுதிப் பட்டியல் முழுக்க மாறியிருக்கிறது, அவர் மட்டும் வெளியிலேயே நிற்கிறார்.

இப்படிப்பட்ட ஊர் அறிவுக்கு மதிப்பு கிடைத்த ஒரு சம்பவமும் இதே பக்கம்தான் நடந்தது. வேடந்தாங்கல். (2019 வரை காஞ்சிபுரம் மாவட்டம், இப்போது செங்கல்பட்டு.) பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் விளைச்சல் நல்லா இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, 1798ல் பறவைகளைக் காக்கும் உரிமைக்கு எழுத்துப்பூர்வமாக உத்தரவு வாங்கினார்கள். எந்த நிபுணர் அறிக்கையும் இல்லை. 2022ல் அது ராம்சர் தலம்.

2022ல் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டதும் ஏகனாபுரம் மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்கள் முன்வைத்த பேச்சிலும் முக்கியமானவை ஏரியும் வரத்துக்காலும்தான். வரைபடத்துக்கும் கம்பு கிழித்த கோட்டுக்கும் நடுவில் இருக்கும் அதே வழக்கு.

திரும்பி வரும் வழியில் நண்பன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அவர் சொன்னது சரிதான், தரை மட்டமும் அப்படித்தான் காட்டுது. ஆனா ஆதாரம்னு எதைப் போடறது?" என்றான்.

"அவர் பேரைப் போடு" என்றேன். சிரித்தான். பிறகு நவம்பர் மழையில் சொந்தச் செலவில் இன்னொரு தடவை போய், கலங்கல் வழிவதைத் தேதியோடு படம் எடுத்து, அறிக்கையில் சேர்த்தான். நிபுணர் குழு அதைப் பார்க்குமா என்று தெரியாது என்கிறான். பெரியவர் பெயர் இணைப்பில் ஒரு வரியாக இருக்கிறது, நான் பார்த்தேன்.

உங்க ஊர் ஏரிக்கு நீர்க்கட்டி யார், இருந்தாரா, இருக்கிறாரா? தெரிந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க. தெரியாவிட்டால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கேட்டுப் பாருங்க.