ஊர்க்குரல் எட்டும் நிலம்

திருவண்ணாமலை 2024-ஆம் ஆண்டில் மாநகராட்சி நிலைக்கு உயர்த்தப்பட்டது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலைப்பாதையைச் சுற்றிவர இலட்சக்கணக்கானோர் திரளும் ஊர் இது. பழைய பேருந்து நிலையம் போதவில்லை. திண்டிவனம் சாலையில் 'டான்காஃப்' என்னும் கூட்டுறவு எண்ணெய்வித்து இணையத்தின் நிலம் பயனற்றுக் கிடந்தது. மணிலா மிகுதியாக விளையும் வட்டாரத்தில் எண்ணெய்த் தொழிலுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் அது. புதிய நிலையத்திற்கு அதனையே தேர்ந்தெடுத்தனர்.

ஊருக்குள் சும்மா கிடக்கும் நிலம் யாருக்குரியது? செத்த நிலத்தை உயிர்ப்பிப்பவர் அதற்கு உரியவராவார் என்பது இஸ்லாமியச் சட்டத்தின் நன்கறிந்த விதி. ஆயின் எது செத்த நிலம் என்பதில்தான் நம் முன்னோரின் கூர்மை விளங்குகிறது. ஊரின் கடைக்கோடியில் நின்று ஒருவன் உரக்கக் கூவினால் அக்குரல் எட்டாத தொலைவில் இருப்பதே 'மவாத்' என்றார் இமாம் அபூயூசுஃப் (ரஹ்). நம் மதரஸாக்களில் ஓதப்படும் 'ஹிதாயா' இதனை எடுத்துரைக்கிறது. குரல் எட்டும் நிலம் வெறுமையாய்க் கிடப்பினும் செத்ததன்று. அது ஊராரின் மேய்ச்சல் தரை, அறுவடைக் களம். வளைத்துப் போட்டு மூன்றாண்டு பயிரிடாதவரிடமிருந்து நிலத்தை மீட்டு வேறொருவருக்கு வழங்கலாம் என்றும் அந்நூல் கூறும். இக்காலத்து வேலிக்காரர்கள் இதைக் கேட்டால் முகஞ்சுளிப்பர்!

சென்னையில் இரு சான்றுகள் அருகருகே உள்ளன. 1837-இல் எழுந்த மத்தியச் சிறையைச் சுற்றி நகரம் வளர்ந்து, சிறை நகரின் நடுவிலாயிற்று. 2006-இல் கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்டனர். 2009-இல் கட்டடம் இடிக்கப்பட்டது. நிலத்தில் ஒரு பகுதி மருத்துவக் கல்லூரிக்குச் சென்றது. இதனை நாம் மனமார வரவேற்கிறோம்.

மூர் மார்க்கெட்டின் கதை வேறு. 1900-இல் திறக்கப்பட்ட அச்சந்தை 1985-இல் தீக்கிரையாயிற்று. அங்கே புறநகர் இரயில் நிலையம் எழுந்தது. அதனால் பயனடைவோர் எண்ணற்றோர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அந்நிலம் ஒரு நாளும் சும்மா கிடந்ததன்று. பழைய நூல் வணிகர்கள் அல்லிக்குளம் வளாகத்திற்குப் பெயர்ந்தனர். பழைய களை அங்கே கூடிவரவில்லை.

திருவண்ணாமலையில் அத்தகைய சந்தை எதுவும் பெயர்க்கப்படவில்லை. ஆனால் பேருந்துகள் இடம் மாறும்போது, பழைய நிலையத்தையே நம்பிய பூக்கடையும் தேநீர்க்கடையும் உடன் மாற வேண்டும். புதிய கடைகளை ஏலத்தில் விடுவோர் முதலில் அவர்களை அழைத்துக் கேட்கட்டும். அவர்கள் குரல் எட்டும் தொலைவில்தான் இருக்கின்றனர்.