தொலைவும் நேரமும்: கோலாலம்பூர் – சிங்கப்பூர் வான்வழி

நகரங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றிற்கு இடைப்பட்ட வான்வழித் தொலைவு மாறுமோ எனின், மாறும் என்பதே விடை. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அமைந்த வான்வழியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1923ஆம் ஆண்டில் ஜொகூர் கடற்பாலத்தின் மீது புகைவண்டி ஓடத் தொடங்கியது. அதன்பின், இரவு வண்டியில் கோலாலம்பூரில் ஏறியவர் மறுநாள் காலையில் சிங்கப்பூரில் இறங்கினார். 1947 மே முதல் நாளன்று மலாயன் ஏர்வேஸ் நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ வழியாகப் பினாங்குக்கு முறையான சேவையைத் தொடங்கியது. ஐந்தாறு பேரே அமரக்கூடிய, இரு பொறிகளைக் கொண்ட சிறு வானூர்தி அது. காலாங் நிலையத்திற்கும் சுங்கை பெசி நிலையத்திற்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 315 கிலோமீட்டர். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் அதனைக் கடக்க ஒன்றேகால் மணி நேரம் போதும். அவ்விரு நிலையங்களும் நகரத்தை ஒட்டியே அமைந்திருந்தன.

வானூர்திகள் பெருத்தன, விரைவும் மிகுந்தது. நீண்ட ஓடுபாதையும் பரந்த நிலமும் இன்றியமையாதவை ஆயின. நகரோரத்தில் அவற்றிற்கு இடமேது? சிங்கப்பூரின் நிலையம் 1955இல் பாய லேபாருக்கும், 1981இல் சாங்கிக்கும் பெயர்ந்தது. ஊர்மீது இரைச்சல் விழாதிருக்கவே கடலோரமாகிய சாங்கி தேர்ந்தெடுக்கப்பட்டது. கோலாலம்பூருக்கு 1965 ஆகஸ்டில் சுபாங் நிலையம் திறக்கப்பட்டது. சிங்கப்பூர் தனி நாடானதும் அதே திங்களில்தான். உள்நாட்டு வழியாக இருந்தது இருநாட்டு வழியாயிற்று. இரு அரசுகளும் கூட்டாக நடத்திய மலேசியா – சிங்கப்பூர் ஏர்லைன்சும் 1972இல் இரண்டாகப் பிரிந்தது.

சுபாங்கிலிருந்து சாங்கிக்கு ஏறத்தாழ 335 கிலோமீட்டர். 1998இல் திறக்கப்பட்ட சிப்பாங் நிலையத்திலிருந்தோ ஏறத்தாழ 300 கிலோமீட்டரே. வான்வழி இவ்வாறு 35 கிலோமீட்டர் குறுகியது. ஜெட் வானூர்தி முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் அதனைக் கடந்துவிடுகிறது.

ஆயினும், பயணியின் நேரம் அந்த அளவில் குறைந்ததா? சுங்கை பெசி நகரிலிருந்து சில கிலோமீட்டரில் இருந்தது. சிப்பாங்கோ ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. 2002இல் தொடங்கிய விரைவு இரயில், 57 கிலோமீட்டரை 28 நிமிடங்களில் கடந்து இக்குறையை ஓரளவு ஈடு செய்தது. இதனுடன் பயணப்பெட்டிப் பதிவு, குடிநுழைவுச் சோதனை, பாதுகாப்புச் சோதனை ஆகியவற்றிற்கான காத்திருப்பையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். வானில் பறக்கும் நேரத்தைவிடத் தரையில் கழியும் நேரமே மிகுதி என்பது அப்போது விளங்கும்.

வானில் நேரத்தைச் சுருக்கிய அதே விரைவுதான் நிலையங்களை நகரங்களைவிட்டு அப்பால் தள்ளியது. நிலப்படத்தில் இரு புள்ளிகளுக்கு இடையே அளவுகோலை வைக்கும் மாணவன், அந்தக் கோட்டின் நீளத்தை மட்டும் கணக்கிட்டால் பாதி விடையையே பெறுவான். வீட்டு வாசலிலிருந்து சேருமிடத்து வாசல்வரை கணக்கிடக் கற்பவனே பயணத்தின் முழு அளவையும் அறிவான்.