மலையகச் சொற்களும் மேற்கோள் வார்ப்புருவும்: சான்றின் தன்மையைப் பதிதல்

அகராதியில் ஒரு சொல்லுக்குத் தரப்படும் மேற்கோள், அச்சொல் இன்ன காலத்தில், இன்னாரிடையே, இன்ன பொருளில் வழங்கியது என்பதற்குச் சாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936) இலக்கியச் சொற்களுக்கு நூற்பெயர்ச் சுருக்கத்தையும் செய்யுள் எண்ணையும் தந்து நின்றது. குறளுக்கும் கம்பனுக்கும் அது போதும். இலங்கை மலையகத்தின் கொஸ்லந்த, அப்புத்தளை, மடுல்சீமைத் தோட்டங்களில் வழங்கும் லயம் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு), பெரட்டு (காலை ஆள்கணக்கெடுப்பு), கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரித்தல்), துண்டு முதலிய சொற்களுக்கு அது போதாது. விக்சனரி போன்ற இணைய அகராதிகளின் மேற்கோள் வார்ப்புரு (விவரங்களை நிரப்புவதற்கான ஆயத்தப் படிவம்), நூல் விவரத்தோடு சான்றின் தன்மையையும் பதிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வார்ப்புருவின் வலிமை எளியது. ஒரு நூலுக்கென ஒரு வார்ப்புரு அமைத்துவிட்டால், ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, ஆண்டு ஆகியவை ஓரிடத்தில் இருக்கும். பதிவர் பக்க எண்ணையும் மேற்கோளையும் இட்டாற்போதும். பிழையை ஒருமுறை திருத்தினால் எல்லாப் பதிவுகளும் திருந்தும். அதே காரணத்தால், முதலிலேயே தவறாக வகுத்த விவரம் நூற்றுக்கணக்கான பதிவுகளைக் கெடுக்கும்.

மலையகத்துக்குரிய மூன்று நூல்களை நோக்குக. ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் வெளிவந்தது. டபிள்யூ. ஜி. பி. வெல்ஸின் ‘கூலித் தமிழ்’ (1915), தோட்டத் துரைமார் தமிழ் கற்பதற்கென ஆங்கிலத்தில் எழுதிய கைநூல். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) திரட்டிய நாட்டார் பாடல்கள் ‘மாமன் மகனே’ என்ற பெயரில் 1987இல் அச்சேறின. முதலாவது, தோட்டத் தொழிலைப் பாடிய ஒருவரின் ஆக்கம். இரண்டாவது, ஆணையிடுவோர் கேட்டறிந்த மொழி. மூன்றாவது, தொழிலாளர் வாயிலிருந்து வந்தது. வெல்ஸின் வாக்கியத்தைத் தொழிலாளியின் பேச்சாகக் காட்டும் பதிவு, ஏவியவரின் குரலை ஏவப்பட்டவரின் வாயில் வைக்கிறது. எனவே ‘கைநூல்’, ‘படைப்பு’, ‘வாய்மொழித் திரட்டு’ என்ற வகை, நூல் வார்ப்புருவிலேயே நிலையாக இருக்க வேண்டும்.

ஆண்டிலும் இதே சிக்கல். 1987 என்ற அச்சாண்டை மட்டும் இட்டால், தொகுத்தவர் இறந்து மூன்றாண்டு கழித்து அச்சொல் பிறந்ததுபோல் தோன்றும். எடுத்துக்காட்டாக, தொழிலாளர் கடனைத் தீர்த்தால் அவர்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த சீட்டே துண்டு. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. பின்னர் அச்சான பாட்டில் இச்சொல் வந்தால், அது வழக்கா நினைவா என்று கணிக்கத் தொகுத்த காலம் தெரிய வேண்டும். இயற்றிய, தொகுத்த, அச்சிட்ட ஆண்டுகள் தனித்தனிப் புலங்களாக அமைய வேண்டும்.

நூற்பெயர்ச் சுருக்கமும் ஏமாற்றும். மு. நித்தியானந்தனின் ஆய்வுநூலுக்கும் ‘கூலித்தமிழ்’ (2014) என்றே பெயர். 1915ஆம் ஆண்டுக் கைநூலும் அதன்பின் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் கழித்து வந்த ஆய்வும் ஒரே சுருக்கத்துக்குள் கலந்துவிடக் கூடாது. பழைய நூல் ஒன்றின் வரியைப் பிற்கால ஆய்வில் கண்டு எடுத்தவர், அதை வழி மேற்கோள் எனக் குறிக்க வேண்டும். மேற்கோளின் எழுத்துமுறையும் அச்சில் உள்ளபடியே நிற்க வேண்டும். ‘கோப்பி’யைக் ‘காப்பி’ ஆக்கினால் இலங்கை வழக்கின் சான்றே மறைந்துபோகும்.

இடமும் தேவை. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தை மண்சரிவு மூடியது. தப்பியோர் வேறிடத்தில் குடியேற்றப்பட்டனர். அத்தோட்டத்துப் பேச்சைச் சான்றாகக் காட்டும் எவரும், பேசியவர் இன்று வாழும் முகவரியோடு, அப்பேச்சு வேர்கொண்ட தோட்டத்தையும் குறிக்கக் கடமைப்பட்டவர்.

இத்தனை புலங்கள் தன்னார்வலர்க்குச் சுமை என்று மறுக்கலாம். வகை, ஆண்டுகள், பதிப்பு ஆகியவை நூலுக்கு ஒருமுறை நிரப்பப்படுவன; மேற்கோளுக்கு மேற்கோள் மாறுபவை பக்கமும் இடமும் மட்டுமே. நூலகம் திட்டம் போன்ற எண்ணிம நூலகங்களில் மூலப்பக்கம் உள்ள நூல்களுக்கு இணைப்பையும் சேர்த்துவிட்டால், சரிபார்க்கும் உரிமை பதுளையிலுள்ள மாணவருக்கும் கிடைக்கும். மேலே கூறிய மூன்று நூல்களுக்கான வார்ப்புருக்களை முதலில் வகுத்து, மலையகச் சொற்பதிவுகளை அவற்றின்மேல் கட்டுவதே முறையான தொடக்கம்.