தன்னேற்பும் தன்மதிப்பீடும்

தன்னேற்பு என்பது ஒருவர் தம் குணங்கள், திறமைகள், குறைகள், கடந்தகாலச் செயல்கள் ஆகியவற்றை உள்ளபடி அறிந்து, அவற்றோடு கூடிய தம்மை நிபந்தனையின்றி ஏற்றுக்கொள்ளும் மனநிலையைக் குறிக்கும் உளவியல் கருத்துரு ஆகும். தன்மதிப்பீடு என்பது ஒருவர் தம் வளர்ச்சியைத் தாமே அளந்து பார்ப்பதாகும். முதலாவது "இப்படியே இருக்கலாம்" என்பது போலவும், இரண்டாவது "இது போதாது" என்பது போலவும் ஒலிப்பதால் இரண்டும் முரண்பட்டவை என்று பலர் கருதுவர். ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இத்துறையில் எழுதிய முதன்மையான உளவியலாளர் சிலர் இதற்கு நேர்மாறான கருத்தையே முன்வைத்தனர். தம்மை ஏற்றுக்கொள்ளாத ஒருவருக்கு ஒவ்வோர் அளவீடும் தண்டனையாகி விடுகிறது. எனவே அவர் அளப்பதைத் தவிர்ப்பார், அல்லது அளவைத் திரிப்பார் என்பது அவர்களின் வாதம்.

சொல் வேறுபாடு

தன்னேற்பு, தன்மதிப்பு, சுயமரியாதை ஆகிய சொற்கள் தமிழில் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கப்படுவதுண்டு. உளவியலில் இவை வேறானவை. தன்மதிப்பு என்பது ஒருவர் தமக்குத் தாமே அளித்துக்கொள்ளும் மதிப்பு. அது கூடும், குறையும். தன்னேற்பில் மதிப்பெண்ணே இல்லை. சுயமரியாதை என்ற சொல் தமிழ்நாட்டில் 1925இல் பெரியார் ஈ. வெ. இராமசாமியின் தலைமையில் தோன்றிய இயக்கத்தோடு பிணைந்தது; அது சாதி இழிவுக்கு எதிரான சமூகக் கருத்து. ஆகவே அதனை இவ்வுளவியல் பொருளில் ஆள்வது குழப்பம் தரும். தன்மதிப்பீடு என்பது தன்மதிப்பிலிருந்து ஓர் ஈற்றில் மட்டுமே வேறுபடினும் பொருளில் வெகு தொலைவில் உள்ளது. அது ஒரு செயல், உணர்வு அன்று.

பிராங்கிளினின் புள்ளிப் புத்தகம்

தன் வளர்ச்சியைத் தானே அளந்தவர்களில் மிகவும் அறியப்பட்டவர் அமெரிக்க அரசியலாளரும் அறிவியலாளருமான பெஞ்சமின் பிராங்கிளின் (1706–1790). தம் தன்வரலாற்றில், 1784இல் பிரான்சில் இருந்தபோது எழுதிய பகுதியில், இளமையில் தாம் வகுத்த முறையை அவர் விளக்கியுள்ளார். மிதவுணவு, குறைவாகப் பேசுதல், ஒழுங்கு, சிக்கனம், உழைப்பு, வாய்மை, நீதி, பணிவு முதலாகப் பதின்மூன்று நற்பண்புகளை அவர் பட்டியலிட்டார். சிறிய ஏடு ஒன்றில் வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு பத்திகளும் பண்புகளுக்குப் பதின்மூன்று வரிசைகளும் கோடிட்டுக்கொண்டார். தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி வைத்தார். வாரத்திற்கு ஒரு பண்பில் மட்டும் தனிக்கவனம் செலுத்தினார். இவ்வாறு ஒரு சுற்று 13 வாரங்களில் முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்றுகள்.

எதிர்பார்த்ததைவிடத் தம்மிடம் குறைகள் மிகுந்திருந்தமை தமக்கு வியப்பளித்ததாக அவர் எழுதுகிறார். பழைய புள்ளிகளைச் சுரண்டி அழித்து அழித்து ஏடு ஓட்டையாகிப் போகவே, ஈரப்பஞ்சால் துடைக்கக்கூடிய தந்த ஏடுகளுக்கு மாறினார். ஒழுங்கு என்ற பண்பு மட்டும் அவருக்கு இறுதிவரை வசப்படவில்லை. இவ்விடத்தில் அவர் ஒரு கதை சொல்கிறார். தன் கோடரி முழுவதும் அதன் விளிம்பைப் போலவே பளபளக்க வேண்டும் என்று கேட்ட ஒருவனைக் கொல்லன் சாணைக்கல்லைச் சுற்றச் சொன்னான். சுற்றிக் களைத்த அவன், புள்ளிகள் உள்ள கோடரியே தனக்குப் பிடித்திருப்பதாகக் கூறி அதை வாங்கிக்கொண்டு போய்விட்டான். முயற்சியைக் கைவிடுவோர் சொல்லும் சாக்காக இக்கதையைக் கூறிய பிராங்கிளின், தமக்கும் அதே எண்ணம் எழுந்ததை மறைக்கவில்லை. முழுமையை எட்டாவிடினும் முயன்றதனால் முன்னிருந்ததைவிட நல்லவராகவும் மகிழ்ச்சியுடையவராகவும் ஆனதாகவே அவர் முடிக்கிறார். தன்னேற்புக்கும் சோம்பலுக்கும் இடையிலுள்ள கோடு எத்துணை மெல்லியது என்பதை இக்கதையளவு தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள் குறைவு.

இம்முறையின் குறை ஒன்றும் கருதத்தக்கது. அவரது பட்டியலில் நீதி எட்டாவது பண்பு. ஆயினும் அவர் பல ஆண்டுகள் அடிமைகளை வைத்திருந்தார். 1787இல்தான் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். தானே வகுத்த அளவுகோல், வகுத்தவரின் கண்ணுக்குப் புலப்படாததை அளப்பதில்லை.

உளவியலில் கருத்தின் வளர்ச்சி

வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில் தன்மதிப்பை ஒரு பின்னமாகக் காட்டினார். மேலே வெற்றிகள், கீழே ஒருவர் தமக்கென வைத்துக்கொண்ட எதிர்பார்ப்புகள். வெற்றியைக் கூட்டியும் மதிப்பை உயர்த்தலாம், எதிர்பார்ப்பைக் குறைத்தும் உயர்த்தலாம். எளிய வாய்பாடு எனினும் தன்னேற்பை இது விளக்குவதில்லை. பின்னம் இருக்கும்வரை மனிதனின் மதிப்பு கணக்குக்கு உட்பட்டதாகவே இருக்கிறது.

கணக்கிலிருந்து மனிதனை விலக்கியவர்களுள் முதன்மையானவர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987). தம்மிடம் உளவள ஆலோசனைக்கு வந்தவர்கள் "நான் எப்படி இருக்கிறேன்", "நான் எப்படி இருக்க வேண்டும்" என்ற இரு படிமங்களுக்கு நடுவே அல்லற்படுவதை அவர் கண்டார். ஆலோசகர் நிபந்தனையின்றி மதிக்கும்போது அவர்கள் தம்மையும் அவ்வாறே மதிக்கக் கற்கின்றனர் என்றார். இருப்பதை இருப்பதாக ஏற்ற பின்னரே மாற்றம் தொடங்குகிறது என்பதை 1961இல் வெளியான நூலில் விந்தையான ஒரு முரணாக அவர் குறிப்பிட்டார்.

ரோஜர்ஸ் இதனை நம்பிக்கையாக விட்டுவிடவில்லை; அளந்தும் பார்த்தார் என்பது பலரும் அறியாத செய்தி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவருடைய குழுவினர், வில்லியம் ஸ்டீபன்சன் உருவாக்கிய கியூ வகைப்படுத்தல் என்னும் முறையைப் பயன்படுத்தினர். தன்னைப் பற்றிய 100 கூற்றுகள் அட்டைகளில் எழுதப்பட்டிருக்கும். ஒருவர் அவற்றை, தமக்குச் சற்றும் பொருந்தாதது முதல் முற்றும் பொருந்துவது வரை ஒன்பது அடுக்குகளாகப் பிரிப்பார். பின்னர் அதே அட்டைகளைத் தாம் விரும்பும் தன்னுருவுக்கு ஏற்ப மறுபடியும் பிரிப்பார். இரண்டு அடுக்கல்களுக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு, இடைவெளியின் அளவாகும். 1954இல் வெளியான முடிவுகளின்படி, ஆலோசனைக்கு முன் ஏறத்தாழச் சுழியமாக இருந்த சராசரிக் கெழு, ஆலோசனை முடிந்தபின் 0.3ஐத் தாண்டியது. ஆலோசனை நாடாதோரின் கெழு இதைவிடவும் உயர்ந்திருந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் ஒரு சிக்கலைச் சுட்டினர். தம் குறைகளைத் தம்மிடமிருந்தே மறைப்பவர்களுக்கும் இந்த இடைவெளி மிகச் சிறியதாகவே வரும். அமைதியையும் மறைப்பையும் அட்டைகளால் பிரித்தறிய இயலவில்லை.

ஆல்பர்ட் எல்லிஸ் (1913–2007) 1950களின் நடுவில் உருவாக்கிய பகுத்தறிவுசார் சிகிச்சை முறை இன்னும் கடுமையான நிலைப்பாட்டை எடுத்தது. செயல்களை மதிப்பிடுங்கள், செய்பவரை மதிப்பிடாதீர்கள் என்பது அதன் சாரம். "நான் தேர்வில் தோற்றேன்" என்பது செய்தி. "நான் தோல்வியாளன்" என்பது ஓராயிரம் செயல்களைச் செய்த, இன்னும் செய்யவிருக்கும் ஓர் உயிர்மேல் ஒட்டப்பட்ட சீட்டு. உயர்ந்த தன்மதிப்பையும் அவர் ஐயத்தோடே பார்த்தார். இன்று உயர்த்தும் அளவுகோல் நாளை தாழ்த்தும் என்பதால்.

எல்லிஸ் பலமுறை கூறிய தம் பத்தொன்பதாம் வயது நிகழ்ச்சி இங்குக் குறிப்பிடத்தக்கது. பெண்களிடம் பேசக் கூசிய அவர், நியூயார்க்கின் பிராங்ஸ் தாவரவியல் பூங்காவில் இருக்கையில் தனியே அமர்ந்திருக்கும் பெண்களிடம் ஒரு நிமிடத்திற்குள் பேச்சுத் தொடுப்பது எனத் தமக்கே பணி இட்டுக்கொண்டார். ஒரு மாதத்தில் 130 பேரை அணுகினார். 30 பேர் எழுந்து சென்றனர். 100 பேரிடம் பேசினார். ஒருவர் மட்டும் மறுபடி சந்திக்க இசைந்தார், அவரும் வரவில்லை. விளைவைக் கொண்டு பார்த்தால் இது முழுத் தோல்வி. எல்லிஸ் அளந்ததோ கூச்சத்தை, அது போய்விட்டிருந்தது. எதை அளக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

ஏற்பு முயற்சியைக் குலைக்குமா?

தம்மை ஏற்றுக்கொண்டால் முன்னேறும் துடிப்பு அற்றுவிடும் என்ற அச்சம் பரவலானது. குழந்தைகளைக் கடிந்து வளர்ப்பதற்கும் இதே காரணம் கூறப்படுகிறது. ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதனை நேரடியாகச் சோதித்தது. கடினமான சொல்லறிவுத் தேர்வில் சரியாகச் செய்யாத மாணவர்களுள் ஒரு பகுதியினரிடம், இத்தேர்வு பலருக்கும் கடினமானதே, உங்கள்மேல் கடுமை காட்ட வேண்டாம் என்று கூறப்பட்டது. மற்றொரு பகுதியினரின் தன்மதிப்பை உயர்த்தும் சொற்கள் கூறப்பட்டன. எதுவும் கூறப்படாத குழுவும் இருந்தது. அடுத்த தேர்வுக்கு முன் மிகுந்த நேரம் படித்தவர்கள் முதற் குழுவினரே. ஆய்வகத்தில் சில நிமிடங்களில் நிகழ்ந்ததை வாழ்நாளுக்கு நீட்டிப் பேசுவது மிகை எனினும், கடிந்தால்தான் உழைப்பார்கள் என்னும் பொதுக்கருத்துக்கு இது சாதகமாக இல்லை.

இவ்வாய்வு பயன்படுத்திய கருத்து, கிறிஸ்டின் நெஃப் 2003இல் வரையறுத்த தற்பரிவு ஆகும். தன்னிடம் கனிவு, துன்பம் மனிதர் எல்லோர்க்கும் பொது என்ற உணர்வு, எண்ணங்களை மிகைப்படுத்தாது கவனித்தல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். தன்னேற்பை வளர்க்கப் பரிந்துரைக்கப்படும் பயிற்சிகள் பல இதிலிருந்து பிறந்தவையே. அவற்றுள் எளியது, இதே தவற்றைச் செய்த நெருங்கிய நண்பருக்கு என்ன எழுதுவோமோ அதைத் தமக்கே மடலாக எழுதுதல்.

அளவைகள்

மோரிஸ் ரோசன்பெர்க் 1965இல் வெளியிட்ட தன்மதிப்பு அளவை பத்துக் கூற்றுகளைக் கொண்டது. ஐந்து நேர்நிலையில், ஐந்து எதிர்நிலையில். நியூயார்க் மாநிலத்தின் பத்து உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 5,024 மாணவர்களிடம் அவர் திரட்டிய தரவுகளே இதற்கு அடிப்படை. பெரிதும் கையாளப்படுவது இதுவேயாயினும், தன்னேற்பை இது தனியாகப் பிரித்துக் காட்டுவதில்லை. அதற்கென 20 கூற்றுகள் கொண்ட நிபந்தனையற்ற தன்னேற்பு வினாத்தாள் 2001இல் வெளியானது.

இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருங்கியது கரோல் ரிஃப் 1989இல் வெளியிட்ட உளநல்வாழ்வு அளவை ஆகும். தன்னேற்பு, பிறருடன் நல்லுறவு, தற்சார்பு, சூழலைக் கையாளும் திறன், வாழ்வின் நோக்கம், தனிமனித வளர்ச்சி என ஆறு கூறுகளை அது அளக்கிறது. தன்னேற்பையும் வளர்ச்சியையும் ஒரே தாளில் தனித்தனியே அளப்பது இதன் சிறப்பு. வயதுப் பிரிவுகளை ஒப்பிட்டபோது, வளர்ச்சி உணர்வும் நோக்க உணர்வும் முதியவர்களிடம் குறைந்து காணப்பட்டன. தன்னேற்பில் அத்தகைய சரிவு தென்படவில்லை. இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்குபவை அல்ல என்பதற்கு இது சான்று.

வளர்ச்சியைத் தானே அளத்தல்

தன்மதிப்பீட்டின் பெரும் பகை நினைவாற்றல். மைக்கேல் கான்வே, மைக்கேல் ராஸ் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், படிப்புத் திறன் பயிற்சியில் சேர்ந்த மாணவர்கள் தொடக்கத்தில் தம் திறனை மதிப்பிட்டு எழுதினர். பயிற்சி முடிந்ததும், தொடக்கத்தில் என்ன எழுதினோம் என்பதை நினைவுகூரச் சொன்னபோது, உண்மையில் எழுதியதைவிடத் தாழ்வாகவே நினைவுகூர்ந்தனர். அதனால் தாம் முன்னேறியதாக நம்பினர். அவர்களின் தேர்வு மதிப்பெண்களோ காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களுடையதைவிட உயரவில்லை. நிகழ்காலத்தை உயர்த்த இயலாதபோது மனம் கடந்தகாலத்தைத் தாழ்த்திக்கொள்கிறது. ஆகவே தொடக்க நிலையை நாளிட்டு எழுதிவைக்காமல் "ஓராண்டில் எவ்வளவோ மாறிவிட்டேன்" என்று கூறுவதற்கு மதிப்பு குறைவு.

எழுதிவைப்பதற்கு ஏற்ற வடிவம் ஒன்றை 1968இல் தாமஸ் கிரெசுக், ராபர்ட் ஷெர்மன் ஆகியோர் உளநலத் திட்டங்களை மதிப்பிட உருவாக்கினர். இலக்கு எய்தல் அளவை எனப்படும் இதில், ஒவ்வோர் இலக்குக்கும் ஐந்து நிலைகள் முன்கூட்டியே கண்ணால் காணத்தக்க செயல்களாக எழுதப்படும். அலுவலகக் கூட்டங்களில் பேச அஞ்சும் ஒருவர் மூன்று மாதங்களுக்கு இவ்வாறு எழுதிக்கொள்ளலாம். எந்தக் கூட்டத்திலும் பேசாதிருத்தல் −2. கேட்டால் மட்டும் பதில் கூறுதல் −1. மாதம் ஒரு முறையேனும் தாமாக ஒரு கருத்தைக் கூறுதல் 0. பெரும்பாலான கூட்டங்களில் பேசுதல் +1. ஒரு கூட்டத்தைத் தாமே நடத்துதல் +2. எதிர்பார்த்த நிலைக்குச் சுழியம் தரப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. மேலும் இங்கே மதிப்பெண் பெறுவது மூன்று மாத நடத்தை. அந்த மனிதர் அல்லர். எல்லிஸ் கேட்ட பிரிப்பு இவ்வடிவத்தில் தானாகவே அமைந்துவிடுகிறது.

அளக்கும் நாளின் மனநிலையும் விடையை மாற்றும். மனச்சோர்வுற்ற ஒருவர் நிரப்பும் தாள் அவரது வளர்ச்சியை அன்றிச் சோர்வையே பெரிதும் காட்டும். தன்வெறுப்பு வாரக்கணக்கில் நீடித்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ தாள்களை ஒதுக்கிவிட்டு உளநல மருத்துவரை உடனே அணுகுதல் வேண்டும்.

விமர்சனங்கள்

கலிபோர்னியா மாநிலம் 1986இல், சட்டமன்ற உறுப்பினர் ஜான் வாஸ்கான்செலோசின் முயற்சியால், தன்மதிப்பை வளர்ப்பதற்கென ஒரு பணிக்குழுவை அமைத்தது. குற்றம், போதைப் பழக்கம், பள்ளித் தோல்வி யாவும் தன்மதிப்புக் குறைவிலிருந்து எழுகின்றன என்ற எதிர்பார்ப்பு அதன் பின்னணி. 1990இல் இறுதி அறிக்கை வெளியானது. ராய் பாமைஸ்டர் உள்ளிட்ட நால்வர் 2003இல் ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, தன்மதிப்பை உயர்த்துவதால் கல்வித் தேர்ச்சி உயர்வதாகத் தெரியவில்லை என்றும், நன்கு தேறுவதால் தன்மதிப்பு உயர்வது ஓரளவு உண்மை என்றும் கண்டனர். இவ்விமர்சனம் தன்மதிப்பைப் பற்றியதே. ஆயினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் வெகுமக்கள் நூல்கள் தன்னேற்பையும் இதில் சிக்கவைத்தன.

திறன் குறைந்தவர்களுக்குத் தம் குறை தெரிவதும் கடினம். ஜஸ்டின் குரூகர், டேவிட் டன்னிங் ஆகியோரின் 1999ஆம் ஆண்டு ஆய்வுகளில், கீழ்க்கால் பகுதியில் இருந்தவர்கள் சராசரியாக 12ஆம் நூற்றுமானத்தில் இருந்துகொண்டு தம்மை 62ஆம் நூற்றுமானத்தில் வைத்து மதிப்பிட்டனர். இந்த விளைவில் ஒரு பகுதி வெறும் புள்ளியியல் தோற்றமே என்ற மறுப்பும் உண்டு.

பண்பாடு குறித்த ஐயமும் தீரவில்லை. சப்பானில் தன்னைக் குறைத்துச் சொல்வது பண்பாகவும் முன்னேற்றத்தின் வழியாகவும் கருதப்படுவதை ஸ்டீவன் ஹைனும் அவருடன் ஆய்ந்தோரும் 1999இல் எடுத்துக்காட்டினர். ரோசன்பெர்க் அளவையை 53 நாடுகளில் ஒப்பிட்ட 2005ஆம் ஆண்டு ஆய்வில், எல்லா நாடுகளின் சராசரியும் நடுப்புள்ளிக்கு மேலேயே இருந்தது. அவற்றுள் சப்பானின் சராசரியே மிகக் குறைவு. எதிர்நிலைக் கூற்றுகள் நாட்டுக்கு நாடு வெவ்வேறாகப் புரிந்துகொள்ளப்பட்டதையும் அவ்வாய்வு பதிவு செய்தது. "என்னிடம் பெருமைப்பட ஒன்றுமில்லை" என்பது போன்ற ஒரு கூற்றைத் தமிழில் ஒருவர் அவையடக்கத்தாலும் ஒப்புக்கொள்ளலாம், துயரத்தாலும் ஒப்புக்கொள்ளலாம். இரண்டுக்கும் தாளில் விழும் குறி ஒன்றே.