வெளிச்சவீடு யாருக்கு வெளிச்சம் காட்டியது?

மட்டக்களப்புக்குப் புதிதாக வரும் நண்பர்களிடம் 'பார் வீதி' என்று சொன்னால் ஒருமாதிரிச் சிரிப்பார்கள். அது அந்த பார் இல்லை. வாவி கடலோடு சேருமிடத்தில் குறுக்கே கிடக்கிற மணல்திட்டைத்தான் வெள்ளைக்காரர் 'பார்' என்றார்கள். அந்த மணலை நோக்கிப் போகிற வீதி இது. விரிவுரை இல்லாத ஒரு சனிக்கிழமை, இரண்டு மோட்டார் சைக்கிளில் நாலு பேர், புளியந்தீவுக் கோட்டையடியில் வெளிக்கிட்டுப் பாலத்தைக் கடந்து, இந்த வீதியால் பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குப் போனோம். அங்கிருந்து தெற்கே சங்கமன்கண்டி வரை போவதுதான் திட்டம்.

பாலமீன்மடு வெளிச்சவீடு 1913இல் கட்டப்பட்டது. 28 மீற்றர் உயரம், வெள்ளை நிறம். சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் இதன் முன்னால் நின்று படம் எடுக்காதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. ஆனால் அந்த ஆண்டைப் பற்றி நாங்கள் யாருமே யோசித்ததில்லை. 1913 என்பது ஏன் இவ்வளவு பிந்தி?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1602 மே மாதம் ஒல்லாந்தர் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்து இறங்கினார். இங்கிருந்துதான் கண்டி அரசனைப் பார்க்கப் போனார். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே வருடத்தில், 1638 மே 18, கண்டியரசன் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1814இல் மெதடிஸ்தப் பாதிரியார் வில்லியம் ஓல்ட் வந்ததும் கடல்வழியாகத்தான். புளியந்தீவின் வாசல் நூற்றாண்டுக்கணக்காகக் கடலில்தான் இருந்திருக்கிறது. அந்த வாசலுக்கு ஒரு விளக்கு வைக்க மட்டும் 1913 வரை ஆயிற்று.

வாசலும் லேசான வாசல் இல்லை. மழை குறைந்தால் முகத்துவாரத்தை மணல் மூடும். மாரியில் வாவி நிரம்பினால் ஆற்றுவாய் வெட்டிவிட வேண்டும். வெட்டின இடத்தில் வெள்ளம் தன் பாட்டுக்கு வழியை மாற்றும். பெரிய கப்பல் உள்ளே வரவே முடியாது, வெளியே நங்கூரம் போட்டுச் சாமானைத் தோணியில் இறக்க வேண்டும். வாடை எழும்பினால் அதுவும் இல்லை. வெளிச்சவீட்டடியில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு ஐயா சொன்னார்: "மனே, போன வருசம் தோணி போன பாதையில இந்த வருசம் ஆடு மேயும்." (அங்கே ஆடு நிற்கவில்லை, கேட்டுப் பார்த்தோம், சிரித்தார்.)

அப்படியான இடத்துக்கு விளக்கு முந்தியல்லவா வந்திருக்க வேண்டும்? காலியில் 1848இலேயே வந்துவிட்டது. திருகோணமலைக் குடாவுக்கு 1860களில் வந்தது, அங்கே பிரித்தானியக் கடற்படை இருந்தது. தென்கிழக்கில், கரையிலிருந்து தள்ளி, நடுக்கடல் பாறைகளின் மேல் கிரேட் பாசஸ் வெளிச்சவீடு 1873இலும் லிட்டில் பாசஸ் 1878இலும் எரியத் தொடங்கின. நடுக்கடலில் கல்லுக்கு மேல் கல் வைத்துக் கட்டுவது லேசுப்பட்ட வேலையில்லை, அதற்குப் பணம் இருந்தது. ஏனென்றால் அது ஐரோப்பாவிலிருந்து வங்காளத்துக்குப் போகிற கப்பல்களின் பாதை. எங்களுக்குப் படுவது இதுதான்: விளக்குகள் பேரரசின் பாதையில் முதலில் ஏற்றப்பட்டன. நெல்லும் கொப்பறாவும் ஏற்றுகிற மட்டக்களப்பு பிறகுதான்.

வந்த விளக்குக்கும் பாவம், ஆயுள் நீளமில்லை. 1928இல் ரயில் வந்தது. சாமான் தண்டவாளத்தால் போகத் தொடங்க, வெளிச்சவீடு தன் முழு வேலையைச் செய்தது 15 வருடம்தான். அதற்கு நாலு வருடம் முந்தி 1924இல் கல்லடிப் பாலமும் வந்திருந்தது. ஊர் மெல்லக் கிறுகித் தரைப்பக்கம் பார்க்கத் தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு கடல் என்றால் கெட்ட செய்தி. 1942 ஏப்ரல் 9, மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் தாழ்த்தின. முந்நூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். யுத்த காலத்தில் கடல் தடைசெய்யப்பட்ட இடமானது. 2004 டிசம்பர் 26ஐப் பற்றி எங்கள் ஊராருக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிச்சவீட்டடியில் நின்றால் முகத்துவாரத்துக்கு அங்கால் நாவலடி தெரியும். அன்றைக்கு அங்கே மிஞ்சியது கொஞ்சம். இந்தப் பக்கம் வெளிச்சவீடு நின்றது.

சங்கமன்கண்டியில் நிற்கவில்லை. காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் ஓடி, கோமாரிப் பக்கம் மணலில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். இலங்கையின் மிகக் கிழக்கு முனை அது. நாட்டில் முதல் வெயில் விழுகிற இடம் என்று ஒரு பெயர்ப்பலகையை எதிர்பார்த்து வந்த எங்களில் ஒருவனுக்குச் சரியான ஏமாற்றம். அங்கிருந்த வெளிச்சவீட்டைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. எச்சத்தில் உட்கார்ந்து கொண்டுவந்த சோற்றுப் பார்சலைப் பிரித்தோம்.

கரைவலைக்காரர் ஒருவரிடம், விளக்கு இல்லாமல் இரவில் எப்படி வருவீர்கள் என்று கேட்டோம். "போனில ஜிபிஎஸ் கிடக்கு தம்பி. சார்ஜ் போனா கோயில் லைற்றைப் பாத்து வாறதுதான்" என்றார்.

அடுத்தது வடக்கே: வாகரை, வெருகல் தாண்டி, கொட்டியாரக் குடாவின் வாயில் யுத்தத்தில் அடிபட்டுக் கிடக்கிற ஃபவுல் பொயின்ற் வெளிச்சவீடு. அம்மா இளவயதில் அந்தப் பாதையில் துறை துறையாக ஏறி இறங்கி, சோதனைச்சாவடி சோதனைச்சாவடியாக நின்று போனவ. இப்ப எல்லாம் பாலம். எண்டாலும் அவவிடம் இன்னும் சொல்லவில்லை.