கூலி

கூலி (பெயர்ச்சொல்): செய்த வேலைக்குத் தரும் பணம் அல்லது பண்டம். நாட்கூலி, கூலிநெல், கூலியாள், கூலிக்கு மாரடித்தல் எனப் பலவாறு வழங்கும். திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் உழைப்பின் பயன் என்ற பொருளில் வருகிறது.

ஆங்கிலத்தில் ‘கூலி’ என்பது ஊதியத்தை அன்றி ஆளைக் குறித்தது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் தமிழ்ச்சொல்லே என்பர் ஒரு சாரார். குஜராத்தின் கோலி இனப்பெயர் என்பர் மறுசாரார்.

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் ஒப்பந்தத் தொழிலாளருடன் இன்றைய தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. கரும்புத் தோட்டத் தொழிலாளருக்கு இட்ட ‘கூலி’ என்ற பெயர், நாளடைவில் வணிகர், வழக்கறிஞர் உட்பட எல்லா இந்தியர்க்கும் வசையாயிற்று. காந்தியும் ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டார். வசைக்குப் பின்னால் சட்டமும் நின்றது: 1926ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத் திருத்தம், திறன்சார் பணிகளுக்கான தகுதிச் சான்றிதழ் ஆப்பிரிக்கருக்கும் ஆசியருக்கும் கிடைக்காதபடி தடுத்தது.

1998இல் தென்னாப்பிரிக்கா இயற்றிய வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், பணியிடத்தில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. தமிழில் கூலி கேட்பது உரிமை. அந்நாட்டில் ஒருவரைக் ‘கூலி’ என அழைப்பது இன இழிவு.