கடித்தது குரங்கு, பதில் சொல்வது யார்?

சாரல் காலத்தில் குற்றாலம் சென்றவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். பேரருவியில் குளித்துவிட்டு, கையில் ஒரு பழப் பொட்டலத்துடன் கடைத்தெருவில் நடந்து வருகிறீர்கள். ஏதோ ஒரு கூரையிலிருந்து குரங்கு குதிக்கிறது. பொட்டலம் போய்விடுகிறது. சில வேளைகளில் கையில் பற்குறியும் பதிந்துவிடுகிறது.

என் மாணவர் ஒருவருக்கு இப்படி நேர்ந்தது. அதே வாரம் தென்காசியில் எங்கள் தெருச் சிறுமி ஒருத்தியை வீட்டு நாய் ஒன்று கடித்தது. நாயின் சொந்தக்காரர், "இத்தனை நாளும் இது யாரையும் கடிச்சதில்லையே, சார்!" என்றார். இருவருக்கும் போட்டது ஒரே தடுப்பூசிதான். ஆனால் சிறுமியின் தந்தைக்குப் போய்க் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். என் மாணவருக்கு யாரும் இல்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? விலங்கு செய்த தீங்குக்கு மனிதன் எப்போது பொறுப்பாளி ஆகிறான்? இக்கேள்வியின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

பாபிலோனில் முட்டிய மாடு

பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் உயரமுள்ள கருங்கல் ஒன்று நிற்கிறது. பாபிலோனிய மன்னன் ஹம்முராபி கி.மு. 18ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்த சட்டங்கள் அதில் உள்ளன. தெருவில் போகும் மாடு திடீரென ஒருவனை முட்டிக் கொன்றுவிட்டால் வழக்கில்லை என்கிறது ஒரு விதி. அடுத்த விதியோ வேறு சொல்கிறது. மாடு முட்டும் குணமுள்ளது என்று சொந்தக்காரனுக்கு முன்பே தெரிவிக்கப்பட்டிருந்து, அவன் அதன் கொம்பை மழுக்காமலும் மாட்டைக் கட்டாமலும் விட்டிருந்தால், இறந்தவன் சுதந்திர மனிதனாயின் அரை மினா வெள்ளி கொடுக்க வேண்டும். நம் அளவில் அது ஏறக்குறைய 250 கிராம். விவிலியத்தின் யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்திலும் இதே பாகுபாடு உண்டு. அங்கே தண்டனை இன்னும் கடுமை.

கொம்பை மழுக்குவதால் என்ன பயன் என்று கேட்கலாம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். கொம்பு நுனியில் உடலைத் தொடும் பகுதியின் விட்டம் 2 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதை மழுக்கி 20 மில்லிமீட்டர் ஆக்கினால் பரப்பு 100 மடங்காகிறது. அதே விசையில் அழுத்தம் நூறில் ஒரு பங்காகிவிடும். மாட்டின் வலிமை குறையவில்லை. குத்தும் திறன் குறைந்துவிட்டது. ஆபத்தை அறிந்தவனுக்கு அதைத் தடுக்கும் எளிய வழியும் கையில் இருந்தது. அப்படியிருந்தும் செய்யாததுதான் அவன் குற்றம்.

ரோமானியர் வேறு வழியில் சென்றனர். கி.மு. 450ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த பன்னிரண்டு பலகைச் சட்டப்படி, சொந்தக்காரன் இழப்பை ஈடுசெய்ய வேண்டும். அல்லது விலங்கையே பாதிக்கப்பட்டவனிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

இங்கிலாந்துக் குரங்கும் யானையும்

இனி நம் குரங்குக்கு வருவோம். இங்கிலாந்தில் 1846ஆம் ஆண்டு ஒரு வழக்கு நடந்தது. வளர்ப்புக் குரங்கு ஒன்று ஒரு பெண்மணியைக் கடித்துவிட்டது. "நான் கவனக்குறைவாக இருந்ததாக வழக்கில் சொல்லப்படவே இல்லையே" என்பது குரங்கின் சொந்தக்காரர் வாதம். தலைமை நீதிபதி டென்மன் பிரபு அதை ஏற்கவில்லை. கடிக்கும் என்று தெரிந்தும் அதை வைத்திருந்ததே போதும், தனியாகக் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தார்.

நாய், மாடு போன்ற வீட்டு விலங்குகளில், அந்த ஒரு விலங்கின் தீக்குணம் சொந்தக்காரருக்குத் தெரியுமா என்று ஆங்கிலச் சட்டம் பார்த்தது. காட்டு இனமாயின் இக்கேள்விக்கே இடமில்லை. தெரியும் என்றே கொள்ளப்பட்டது. 1957இல் இலண்டன் சர்க்கஸ் வழக்கில் இது நன்கு விளங்கிற்று. குரைத்த சிறு நாயைத் துரத்திய பர்மிய யானை ஒன்று ஒரு கூடாரத்தைச் சாய்த்து, உள்ளே இருந்தவரைக் காயப்படுத்தியது. அந்த யானை பசுவைப் போலச் சாதுவானது என்பதை நீதிபதி டெவ்லின் ஒப்புக்கொண்டார். ஆயினும் யானை காட்டு இனமே ஆதலால் சர்க்கஸ் நிறுவனம் ஈடு தர வேண்டும் என்றார்.

நம் நாட்டுச் சட்டம்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 289ஆம் பிரிவில் இதைக் குற்றமாக்கியது. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்னும்போது, அதைத் தடுக்கப் போதிய ஏற்பாட்டை அறிந்தோ அசட்டையாலோ செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த ஆயிரம் ரூபாய் 164 ஆண்டுகள் மாறவே இல்லை! 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில்தான் அது 5,000 ரூபாய் ஆயிற்று.

'அசட்டையாலோ' என்ற சொல்லைக் கவனியுங்கள். எங்கள் தெரு நாய்க்காரரின் பதில் போதாது என்பதற்கு அதுவே காரணம். நாய் முன்பு கடிக்கவில்லை என்பது ஒருபுறமிருக்க, குழந்தைகள் விளையாடும் தெருவில் அதை ஏன் அவிழ்த்துவிட்டீர்கள் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. ஆனால் அபராதம் பொதுவாக அரசுக்குச் சேர்வது. மருத்துவச் செலவுக்கு ஈடு வேண்டுவோர் உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும்.

'தன் வசமுள்ள' என்ற சொல்லையும் கவனியுங்கள். என் மாணவர் சிக்கிக்கொண்ட இடம் இதுதான். குற்றால மலைக் குரங்கு யார் வசமும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடியபோதே அது அங்கே இருந்தது. இங்கிலாந்துக் குரங்குக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். இதற்குக் காடுதான் வீடு.

சொந்தக்காரர் இல்லாத இடத்தில் பொறுப்பு அரசுக்கு வருமா? தெருவில் திரியும் விலங்குகளைப் பற்றி 2023 நவம்பரில் பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றம் வரும் என்றது. நாய்க்கடியில் ஒவ்வொரு பற்குறிக்கும் குறைந்தது 10,000 ரூபாய். சதை பிய்ந்திருந்தால் காயத்தின் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டருக்கும் குறைந்தது 20,000 ரூபாய் என அளவும் வகுத்தது. வேறு மாநிலத்தின் தீர்ப்பாதலால் இது தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் காயம்பட்டவரே முழுச் சுமையையும் தாங்கக் கூடாது என்ற எண்ணம் நம் நீதிமன்றங்களில் வேரூன்றி வருவதை இது காட்டுகிறது.

வாசகர்களே, பாபிலோன் மாட்டுக்காரனும் இங்கிலாந்துக் குரங்குக்காரரும் பொறுப்பாளிகள் ஆனதற்குக் காரணம் ஒன்றே: அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தின்பண்டம் நீட்டி நீட்டியே குரங்குக்கு மனிதனின் கைப்பையைப் பழக்கிவிட்டோம் என்பது நமக்கும் தெரியும். அதற்காக நம்மை எந்தச் சட்டப் பிரிவும் பிடிக்காமல் போகலாம். ஆனால் நாம் நீட்டிய பழத்துக்கு விலை கொடுப்பது, நமக்குப் பின்னால் வரும் யாரோ ஒரு குழந்தையின் கை. அடுத்த சாரலுக்குப் போகும்போது பொட்டலத்தைப் பைக்குள் வையுங்கள். குரங்குக்கு எதையும் கொடுக்காதீர்கள். கடிபட்டுவிட்டால் பதில் சொல்ல ஆள் தேடுவதற்கு முன், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.